எதிர்த்துப் பேச ஒரு மாலை: ரீயூனியன் கோயில் நிர்வாகத்தாருக்கும் தமிழ்ச் சங்கத்தாருக்கும் ஒரு திறந்த மடல்

ரீயூனியன் தீவின் கோயில் நிர்வாகக் குழுக்களுக்கும், தமிழ்ச் சங்கப் பொறுப்பாளர்களுக்கும், முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும் வணக்கம்.

உங்களிடம் ஓர் உதவி கேட்டு இந்த மடலை எழுதுகிறேன். பணம் வேண்டாம். நம் பிள்ளைகள் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்கு ஒத்திகை பார்க்க உங்கள் கோயில் கூடமும், ஒரு சனிக்கிழமை மாலையும், கொஞ்சம் பொறுமையும் வேண்டும். ஏன் என்பதை விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் கூட்டத்தில் மற்றவர்களுக்குக் கிரியோலில் எடுத்துச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

நான் காரைக்காலில் பிறந்தவள். கல்யாணத்துக்குப் பிறகு பிரான்சைச் சேர்ந்த இந்தத் தீவுக்கு வந்தேன், இங்கேயே முனைவர் பட்டம் முடித்தேன். இப்போது தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். அதோடு, வாய்மொழித் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒத்திகை பார்க்கிறேன். சிலர் என்னைப் போல் புதுச்சேரி, காரைக்கால் குடும்பத்துப் பிள்ளைகள். பெரும்பாலோர் பல தலைமுறைக்கு முன் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் வாரிசுகள், வீட்டில் கிரியோல் பேசுகிறவர்கள். படிப்பில் எல்லோரும் கெட்டிக்காரர்கள். ஆனால் தேர்வாளர் முன்னால் போய் நின்றதும் எல்லோருக்கும் ஒரே இடத்தில்தான் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அதைச் சரிசெய்ய என் ஒருத்தியால் ஆகாது. உங்களால் ஆகும். அதனால்தான் பல்கலைக்கழகத்துக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில், அந்த நாளில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பல வீடுகளில் இது சரியாகத் தெரியாமலே பயம் மட்டும் இருக்கிறது.

தமிழ்நாட்டில் பொது வாய்மொழித் தேர்வு என்பார்கள், பேச்சில் வைவா. இங்கே சூத்னான்ஸ். வருடக்கணக்காக உழைத்து எழுதிய ஆய்வேட்டை முன்பே படித்துவிட்டு வந்திருக்கும் அறிஞர்கள் முன்னால் நின்று, அதைப் பற்றிப் பேசி, அவர்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். 2016 மே 25 தேதியிட்ட பிரெஞ்சு அரசாணை இதற்கான விதிகளை வகுத்திருக்கிறது. தேர்வுக் குழுவில் 4 முதல் 8 பேர் வரை இருப்பார்கள். அவர்களில் குறைந்தது பாதிப் பேர் வெளியாட்கள், அதாவது மாணவர் படித்த பல்கலைக்கழகத்தையோ அந்த ஆய்வுப் பள்ளியையோ சேராதவர்கள். குழுவுக்கு ஒரு தலைவரை அவர்களே தங்களுக்குள் தேர்ந்துகொள்வார்கள். பிள்ளையைக் கைப்பிடித்து நடத்தி வந்த நெறியாளரும் அங்கே உட்கார்ந்திருப்பார். ஆனால் பட்டம் கொடுப்பதா இல்லையா என்ற முடிவில் அவருக்குப் பங்கு கிடையாது. அதனால் கேள்வி கடுமையாக வரும்போது அவர் குறுக்கே வந்து காப்பாற்ற மாட்டார், காப்பாற்றவும் கூடாது.

இதைக் கேட்டு யாரும் கலங்க வேண்டாம். அந்த நாளுக்கு முன்பே பெரிய வடிகட்டல் ஒன்று நடந்து முடிந்திருக்கும். அறிக்கையாளர்கள் என்று இரண்டு பேர் ஆய்வேட்டை முழுதும் படித்து, வைவாவுக்குக் குறைந்தது 14 நாளைக்கு முன் எழுத்தில் அறிக்கை கொடுப்பார்கள். அதைப் பார்த்துத்தான் வைவா நடத்தவே அனுமதி கிடைக்கும். ஆகவே தேதி குறித்துவிட்டார்கள் என்றால், இந்த வேலை பட்டத்துக்குத் தகும் என்று படித்தவர்கள் நினைக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தக் கட்டத்துக்குப் பிறகு பட்டம் மறுக்கப்படுவது மிக அரிது. அம்மாமார்கள் இதை நெஞ்சில் வைத்துக்கொண்டால் அந்த வாரம் வீட்டில் எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிடலாம்.

அப்படியானால் எதற்கு இவ்வளவு ஒத்திகை என்று கேட்பீர்கள். வைவா முடிந்ததும் குழு ஓர் அறிக்கை எழுதுகிறது. ஒரு மாதத்துக்குள் அது மாணவர் கைக்கு வரும். பிள்ளை எப்படிப் பதில் சொன்னது, தன் வேலையைத் தானே எவ்வளவு புரிந்துவைத்திருக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். பல்கலைக்கழக வேலைக்கு விண்ணப்பிக்கும் இடத்திலெல்லாம் அந்த அறிக்கை பின்னாலேயே வரும். முன்பெல்லாம் பட்டத்தோடு ‘மிகச் சிறப்பு’ என்பது போல் தரம் போட்டுக் கொடுப்பார்கள். ஊரில் பெரியவர்கள் இன்னும் “என்ன மான்சியோன் வாங்கினே?” என்று கேட்கிறார்கள். 2016 ஆணையில் தரத்துக்கு இடமில்லை. இப்போது பேசுவது அந்த அறிக்கைதான்.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

கிழக்குக் கரையைச் சேர்ந்த ஒரு பெண் ஒத்திகைக்கு வந்தாள். பழைய சர்க்கரை ஆலைகளை ஒட்டித் தோட்டத் தொழிலாளர்கள் கட்டிய சின்னக் கோயில்களைப் பற்றி ஆராய்ந்தவள். நான் தேர்வாளர் இடத்தில் உட்கார்ந்து, வேண்டுமென்றே கொஞ்சம் விறைப்பாகக் கேட்டேன்: “இவ்வளவு பெரிய முடிவுக்கு வந்திருக்கிறீர்கள். பதினெட்டுப் பேரிடம் மட்டும்தானே பேசியிருக்கிறீர்கள்? இது போதுமா?” அவள் தலையைக் குனிந்துகொண்டு, “நீங்கள் சொல்வது சரிதான், போதாதுதான்” என்றாள். அதோடு நிறுத்திவிட்டாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. ஏனென்றால் அந்தக் கேள்விக்கு அருமையான பதில் அவள் ஆய்வேட்டிலேயே இருந்தது. அந்த ஆலைக் குடியிருப்புகளில் வாழ்ந்த அனுபவம் உள்ளவர்களில் இன்று உயிரோடு இருப்பவர்களைத் தேடித் தேடி, யாரையும் விடாமல் பார்த்திருக்கிறாள். பதினெட்டு என்பது அவளுக்கு மொத்தக் கணக்கு. எதையோ மாதிரிக்கு எடுத்துக்கொண்ட கணக்கே கிடையாது. அதை எழுதியும் வைத்திருக்கிறாள். “பின்னே ஏன்மா சொல்லலை?” என்று கேட்டேன். “பெரியவங்க சொல்லும்போது எப்படி இல்லைன்னு சொல்றது?” என்றாள்.

அவள் ஒருத்திக்கு மட்டும் இப்படி என்றால் இந்த மடலே தேவைப்பட்டிருக்காது. பையன்களும் இதே மாதிரிதான். தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பமானாலும் சரி, ஆறாவது தலைமுறையாக இங்கே இருக்கும் குடும்பமானாலும் சரி, பெரியவர் பேச்சுக்கு மறுபேச்சு பேசக்கூடாது என்று சொல்லித்தான் வளர்க்கிறோம். நானும் என் பிள்ளைகளை அப்படித்தான் வளர்க்கிறேன், அதை மாற்றச் சொல்லி உங்களிடம் வரவில்லை. ஆனால் தேர்வுக் குழு முன்னால் அந்தப் பணிவு வேறு மாதிரி வாசிக்கப்படுகிறது. அவர்கள் குறை சொல்வது பெரும்பாலும் பதிலை எதிர்பார்த்துத்தான். ‘இந்த இடத்தில் நீ ஏன் இப்படிச் செய்தாய், காரணம் தெரிந்துதான் செய்தாயா?’ என்பதே அவர்கள் கேட்க வருவது. பிள்ளை உடனே தலையாட்டிவிட்டால், காரணம் இல்லாமல் செய்துவிட்டது என்றே எடுத்துக்கொள்வார்கள். எல்லாக் குறையையும் ஒப்புக்கொண்ட பிள்ளையைப் பணிவானது என்று யாரும் அறிக்கையில் எழுத மாட்டார்கள். தன் வேலையைத் தாங்கிப் பேசத் தெரியவில்லை என்றுதான் எழுதுவார்கள்.

இதற்கு நேர்மாறாக வெடுக்கென்று பதில் சொல்கிறவர்களும் உண்டு. அதுவும் பயத்தின் இன்னொரு முகம்தான். வேண்டியது இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. “நீங்கள் கேட்பது முக்கியமான கேள்வி. நானும் அதை யோசித்தேன். ஆனால் இந்தக் காரணத்தால் இந்த வழியை எடுத்தேன், 112-ஆம் பக்கத்தில் சொல்லியிருக்கிறேன்” என்று ஒரு பிள்ளையால் குரல் நடுங்காமல் சொல்ல முடிந்தால் போதும். எந்த இடத்தில் குறை உண்மையோ அங்கே, “ஆமாம், அந்த ஊர் ஆவணங்கள் எனக்குக் கிடைக்கவில்லை, அதனால் என் முடிவு இந்த எல்லைக்குள்தான் நிற்கும்” என்று நேராகச் சொல்லிவிடலாம். மன்னிப்புக் கேட்டுக் கெஞ்ச வேண்டியதில்லை. ஆய்வுக்கு எல்லை இருப்பது குற்றமில்லை.

இந்தப் பேச்சு பழகினால்தான் வரும். என் முன்னால் பழகினால் பாதிதான் வருகிறது, ஏனென்றால் இரண்டு ஒத்திகையில் நான் அவர்களுக்கு அக்கா ஆகிவிடுகிறேன். யாரைப் பார்த்தால் சின்ன வயதிலிருந்து வாய் மூடிக்கொள்கிறதோ அவர்கள் முன்னால் நின்று பழக வேண்டும். கோயில் தலைவர், பூசாரி ஐயா, பெரியப்பா, தீமிதிக்கு எல்லாவற்றையும் நடத்திக் கொடுக்கும் அம்மா, இவர்கள் முன்னால். நீங்கள் ஒரு குறை சொல்லி, பிள்ளை “இல்லை ஐயா, நான் அப்படி நினைக்கவில்லை, ஏனென்றால்…” என்று ஆரம்பித்து, நீங்கள் அதைக் கோபப்படாமல் கடைசி வரை கேட்டு, “சரி, புரியுது” என்று சொல்லிவிட்டீர்கள் என்றால், பாரிஸிலிருந்து வரும் பேராசிரியர் அதற்கப்புறம் அந்தப் பிள்ளைக்கு ஒரு பொருட்டே இல்லை. மரியாதை குறையாமல் மறுத்துப் பேசலாம் என்பதை நீங்கள் அனுமதித்துக் காட்டினால் மட்டுமே அவர்கள் நம்புவார்கள்.

“எங்களுக்கு அந்தப் படிப்பெல்லாம் தெரியாதே, நாங்கள் என்ன கேட்பது?” என்று தயங்குவீர்கள். அந்தத் தயக்கத்துக்கு நான் கண்ணால் பார்த்த ஒன்றைப் பதிலாகச் சொல்கிறேன்.

வரலாறு படிக்கும் ஒரு பையன், ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் பதிவேடுகளை ஆராய்ந்தான். 1848-இல் அடிமை முறை ஒழிந்த பிறகு தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1860, 1861-இல் பிரான்சும் பிரிட்டனும் ஒப்பந்தம் செய்துகொண்ட பிறகு பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்தும் ஆள் எடுத்தார்கள். இங்கே அவர்களை நடத்திய விதத்தைப் பார்த்து 1882-இல் பிரிட்டிஷார் அதை நிறுத்தினார்கள். வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு மட்ரிக்குல் எண், அதாவது பதிவு எண். உங்களில் பலர் அந்த எண்ணைத் தேடித் தலைநகர் சேன் தெனியின் ஷான் ஃப்ளூரி ஆவணக் காப்பகத்துக்குப் போயிருப்பீர்கள். பையன் அந்தப் பதிவேடுகளை வைத்து வயது, ஊர், சாதி என்று அட்டவணை போட்டு ஒத்திகையில் காட்டினான். கேட்டுக்கொண்டிருந்த உறவுக்காரப் பெரியவர் ஒருவர், கரும்பு வெட்டியே வாழ்ந்தவர், கிரியோலில் ஒன்று கேட்டார்: “இதை எழுதினவன் யாரு? அவனுக்குத் தமிழ் தெரியுமா? எங்க தாத்தா வாயைத் திறந்து சொன்னதையா எழுதினான், இல்லை பார்த்ததும் அவனே போட்டுக்கிட்டானா?”

பையன் திகைத்துப் போனான். பதில் அவனுக்குத் தெரியும், ஆனால் இப்படி ஒரே மூச்சில் யாரும் அவனைக் கேட்டதில்லை. அன்று ராத்திரி உட்கார்ந்து தன் முன்னுரைப் பேச்சைத் திருத்தினான். பதிவேட்டை எழுதியவர் யார், இடையில் யார் மொழிபெயர்த்தார்கள், எந்தத் தகவலை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பதை முதல் ஐந்து நிமிடத்துக்குள் கொண்டுவந்தான். வைவா நாளில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர் கேட்ட முதல் கேள்வியும் பெரியவர் கேட்டதுதான், கொஞ்சம் நீட்டி, புத்தக மொழியில். பையன் நிதானமாகப் பதில் சொன்னான்.

உங்கள் கேள்விகள் அவ்வளவு பெறுமானம் உள்ளவை. ‘கடைசியில என்ன தெரிஞ்சுது?’, ‘இதை நீ எப்படிக் கண்டுபிடிச்ச?’, ‘வேற மாதிரி இருந்திருந்தா?’ இந்த மூன்றுக்கும் வீட்டு மொழியில் பதில் சொல்ல முடிந்த பிள்ளைக்குப் பிரெஞ்சிலும் பதில் வரும். அது வேதியியலானாலும் சரி, எரிமலை ஆராய்ச்சியானாலும் சரி.

பிரெஞ்சு முறையில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. இந்தியாவில் படித்துவிட்டு வந்தவர்களுக்கு இது புதிதாகவே இருக்கும். இங்கே தேர்வாளர் ஒரு கேள்வி கேட்டு, ஒரு பதில் வாங்கி, அடுத்ததற்குப் போவது என்று நடப்பது குறைவு. மாணவர் தன் ஆய்வைப் பற்றி அரைமணி நேரம் போல் பேசி முடித்ததும், குழுவினர் ஒவ்வொருவராகப் பேச ஆரம்பிப்பார்கள். ஒருவரே பதினைந்து இருபது நிமிடம் பேசுவார். முதலில் பாராட்டு வரும், அப்புறம் ஓர் எழுத்துப் பிழை, நடுவில் தன் சொந்த ஆராய்ச்சி, எங்கோ ஒரு மூலையில் முக்கியமான கேள்வி, பிறகு மறுபடி பாராட்டு. முடித்துவிட்டு “உங்கள் பதில்?” என்பார். அந்தப் பேச்சுக்குள் எத்தனை கேள்வி இருந்தது, எது பெரிது, எதற்கு முதலில் பதில் சொல்வது என்று பிரித்தெடுப்பதே ஒரு தனித் திறமை.

இதற்கு நான் சொல்லிக்கொடுப்பது சின்ன வழி. ஒவ்வொரு தேர்வாளருக்கும் தனித்தனி வெள்ளைத்தாள். மேலே அவர் பெயர். நடுவில் நெடுக ஒரு மடிப்பு. இடப்பக்கம் அவர் கேட்பது, ஒரு கேள்விக்கு ஒரு வரி, நாலைந்து வார்த்தைக்கு மேல் எழுதக்கூடாது. வலப்பக்கம் பதிலின் முதல் வார்த்தையும் ஆய்வேட்டின் பக்க எண்ணும் மட்டும். அவர் பேசி முடித்ததும் அரை நிமிடம் தாளைப் பார்க்கலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். “மூன்று விஷயங்கள் கேட்டீர்கள், இரண்டாவதிலிருந்து ஆரம்பிக்கிறேன்” என்று சொல்லிவிட்டால் பேச்சின் கடிவாளம் பிள்ளையின் கைக்கு வந்துவிடும். இதற்கும் கூடத்தில் நீளமாகப் பேசும் பெரியவர்கள் தேவை. உங்கள் ஒவ்வொரு சங்கத்திலும் விஷயத்தைச் சுற்றி வளைத்து விரிவாகப் பேசக்கூடியவர் ஒருவராவது இருப்பார். அவரைக் கட்டாயம் அழைத்து வாருங்கள். பிள்ளைகள் பேனா பிடித்து எழுதப் பழகுவதற்கு அவர் மிகவும் பயன்படுவார்.

மற்ற தயாரிப்பு பிள்ளைகளே செய்துகொள்ள வேண்டியது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆய்வேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அந்நியர் எழுதியது போல் மறுபடி படியுங்கள். கண்ணில் படும் பிழைகளைத் தனித்தாளில் எழுதிக் குழுவிடம் கொடுத்துவிட்டால் அந்தப் பேச்சு அதோடு முடியும். அறிக்கையாளர்களின் இரண்டு அறிக்கைகளும் கைக்கு வரும்போது, அதிலுள்ள ஒவ்வொரு குறைக்கும் பதில் எழுதிப் பாருங்கள். வைவாவில் பாதிக் கேள்வி அங்கிருந்துதான் வரும். குழுவில் யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தெரியாமல் போகாதீர்கள். முன்னுரைப் பேச்சில் அத்தியாயம் அத்தியாயமாகச் சுருக்கம் சொல்ல வேண்டாம், அவர்கள் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள். ஏன் இந்தக் கேள்வி உங்களைப் பிடித்துக்கொண்டது, எப்படித் தேடினீர்கள், என்ன கிடைத்தது, அடுத்து எங்கே போகலாம், அதைச் சொல்லுங்கள். குழுவில் சிலர் திரையில் வருவார்கள். டிசம்பரில் பாரிஸ் நமக்கு மூன்று மணி நேரம் பின்னால், புதுச்சேரி ஒன்றரை மணி நேரம் முன்னால். முந்தின நாளே ஒலியைச் சோதித்துவிடுங்கள்.

சரி, வீட்டில் இருப்பவர்களுக்கு வருகிறேன்.

வைவா முடிந்ததும் வந்தவர்களுக்குச் சிற்றுண்டி கொடுப்பது பிரான்ஸ் முழுக்க வழக்கம். அதை நம் வீடுகள் கல்யாண விருந்து போல் எடுத்துக்கொள்கின்றன. முந்தின நாள் ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு பிள்ளைக்குப் போன் செய்தேன், தூங்கப் போகச் சொல்லலாம் என்று. அவள் அடுப்படியில் நின்று சமூசா மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு தட்டில் மாவுப் பட்டைகள் காய்ந்துவிடாமல் ஈரத்துணி போட்டு மூடியிருந்தது, இன்னொரு பக்கம் பொம்போன் பிமான் என்ற மிளகாய் வடைக்குப் பருப்பு ஊறிக்கொண்டிருந்தது, அவளுடைய குறிப்புத்தாள் எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வைவா. அம்மாவுக்குக் கை வலி, உதவிக்கு ஆள் இல்லை, யாரையும் கேட்கவும் கூச்சம்.

கோயில் திருவிழாவுக்கு இருநூறு இலை போடுகிற சமூகம் நாம். ஒரு பிள்ளையின் வைவாவுக்கு ஐம்பது பேருக்குச் சிற்றுண்டி நம்மால் முடியாதா? அந்தந்த ஊர்ச் சங்கத்துப் பெண்கள் இந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டால், அந்த ராத்திரி அந்தப் பிள்ளை தூங்கும். இதைவிடப் பெரிய உதவி அந்த நாளுக்கு முன் யாரும் செய்ய முடியாது.

தேதி விஷயம் இன்னொன்று. ஆண்டு முடிவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று நவம்பர், டிசம்பரில் வைவாக்கள் குவிகின்றன. அதே சமயத்தில்தான் பாஞ்சாலி அம்மன் தீமிதிக்கு விரதம் இருக்கும் கோயில்களும் உண்டு, சனவரி, பிப்ரவரியில் காவடி. பக்தியைக் குறைத்துக்கொள்ளச் சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை, மனமும் இல்லை. ஆனால் பதினெட்டு நாள் விரதமும் கோயில் வேலையும் வைவாவும் ஒரே மாதத்தில் வந்தால் உடம்பு தாங்காது. பிள்ளை இதை வாய்விட்டுக் கேட்காது. அம்மன் காரியத்தில் சாக்குச் சொல்கிறான் என்று பேச்சு வருமோ என்று பயம். பூசாரிகளும் நிர்வாகத்தாரும் நீங்களே கூப்பிட்டு, “இந்த வருஷம் நீ போய் உன் வேலையைப் பாரு, அடுத்த வருஷம் சேர்ந்து மிதிக்கலாம்” என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

அப்புறம், “எப்ப முடியும்?” என்ற கேள்வி. கல்யாண வீட்டிலும் கேட்கிறோம், கருமாதியிலும் கேட்கிறோம். முழு நேரமாகப் படித்தால் மூன்று வருடம் என்று ஆணை சொல்கிறது. வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர்களுக்கு ஆறு வருடம் வரை போகலாம். நம் பிள்ளைகளில் பலர் பகலில் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு ராத்திரியில் எழுதுகிறவர்கள். தாமதம் ஆனால் சோம்பல் என்று நினைக்காதீர்கள். “இப்ப எதைப் பத்தி எழுதிட்டிருக்கே?” என்று கேட்டுப் பாருங்கள். முகம் மலர்ந்து பேசுவார்கள். அதுவும் ஓர் ஒத்திகைதான்.

இனி நான் மிகவும் வலியுறுத்திச் சொல்ல விரும்புவது. வைவா பொதுமக்கள் முன்னிலையில் நடக்க வேண்டியது. இரகசியம் காக்க வேண்டிய ஆய்வுகளுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. மற்றபடி யாரும் போய் உட்காரலாம். பல்கலைக்கழகத்தின் மூஃபியா வளாகமோ தாம்போன் வளாகமோ, அங்கே போகப் பட்டம் வேண்டாம், அழைப்பிதழ் வேண்டாம். ஆனால் பின்வரிசை நாற்காலிகள் காலியாகவே கிடக்கின்றன. சிற்றுண்டி நேரத்துக்குத்தான் சொந்தக்காரர்கள் வருகிறார்கள். கேட்டால், “நமக்குப் புரியாது, நடுவில போய் உட்கார்ந்தா மரியாதையா இருக்காது” என்கிறார்கள்.

புரியும் வரை புரியட்டும், வாருங்கள். முன்கூட்டியே போய் உட்காருங்கள், போனை அணைத்துவிடுங்கள். கூட்டத்திலிருந்து பொதுவாகக் கேள்வி கேட்பதில்லை. இரண்டரை மணி, மூன்று மணி நேரம் கூட ஆகலாம். கடைசியில் குழு தனியாகப் போய்ப் பேசும், திரும்பி வந்து தலைவர் முடிவை வாசிக்கும்போது எல்லோரும் எழுந்து நிற்பார்கள். 2023-லிருந்து ஒரு புது வழக்கம் சேர்ந்திருக்கிறது. பட்டம் அறிவித்ததும் மாணவர் நின்று உறுதிமொழி எடுக்கிறார். இனி எந்த வேலைக்குப் போனாலும் அறிவின் விஷயத்தில் நேர்மையாக இருப்பேன் என்பது அதன் சாரம். அதைச் சொல்லும்போது பின்னால் அம்மாவும் பெரியப்பாவும் நிற்க வேண்டாமா?

குறிப்பாக ஒருவரை அழைத்து வாருங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். நம் கோயில்களைப் பற்றி, நாடகத்தைப் பற்றி, மூலிகை வைத்தியத்தைப் பற்றி, தோட்டத்து வாழ்க்கையைப் பற்றி ஆய்வு செய்யும் பிள்ளைகள் உங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து மணிக்கணக்காகக் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். அந்தப் பாட்டி, அந்தத் தாத்தா சொன்னதுதான் ஆய்வேட்டில் அத்தியாயமாக நிற்கிறது. அவர்கள் அந்த அறையில் இருக்க வேண்டும். சேன் தாந்த்ரேயிலிருந்தோ சேன் பியேரிலிருந்தோ காலை நெரிசலில் சேன் தெனிக்குப் போவது வயதானவர்களுக்குக் கஷ்டம்தான். கோயில் திருவிழாவுக்கு வண்டி வைக்கிறோமே, இதற்கும் ஒரு வண்டி வையுங்கள்.

பிள்ளைகளும் பதிலுக்கு ஒன்று செய்ய வேண்டும், அதையும் உங்கள் முன்னாலேயே சொல்கிறேன். வைவாவுக்குப் பிறகு குழு சொன்ன திருத்தங்களைச் செய்ய மூன்று மாதம் கொடுப்பார்கள். திருத்திய பிரதியில் ஒன்றைக் கோயில் நூலகத்துக்கோ சங்கத்துக்கோ கொடுக்கட்டும். ஒரு மாலை வந்து தமிழிலோ கிரியோலிலோ தாங்கள் கண்டதைச் சொல்லட்டும். நம்மிடம் வாங்கிக்கொண்டு போனது நம்மிடம் திரும்பி வரவேண்டும்.

இப்போது உதவியை வெளிப்படையாகக் கேட்கிறேன். அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, மாலைப் பூசை முடிந்த பிறகு, கூடம் எங்களுக்கு வேண்டும். அந்த ஆண்டு வைவா இருக்கும் பிள்ளைகள் வருவார்கள், ஒருவருக்கு ஒரு மணி நேரம். முன்னால் ஒரு மேசை, அதற்குப் பின்னால் நாலைந்து பெரியவர்கள். ஆண்களும் பெண்களும் கலந்து உட்காருங்கள். பிள்ளை அரைமணி நேரம் பேசும், மீதி நேரம் நீங்கள் கேட்பீர்கள். கடுமையாகவே கேளுங்கள், தயவுதாட்சணியம் வேண்டாம். ஆனால் பிள்ளை “இல்லை” என்று ஆரம்பித்தால், அந்த வாக்கியம் முடியும் வரை யாரும் குறுக்கே பேசக்கூடாது. முடிந்து வீட்டுக்குப் போன பிறகும் “சபையில பெரியவரை எதிர்த்துப் பேசிட்டான்” என்று யாரும் குறைப்பட்டுக்கொள்ளக் கூடாது. இந்த ஒரு நிபந்தனையை நிர்வாகத்தார் முன்கூட்டியே எல்லோருக்கும் அறிவித்துவிட வேண்டும்.

வெண்பலகை ஒன்று நாங்கள் கொண்டுவருகிறோம், ஸ்லைடு காட்டும் கருவியும் எங்களிடம் இருக்கிறது. குடிக்கத் தண்ணீரும், எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி ஒரு சுவர்க் கடிகாரமும் இருந்தால் போதும். செப்டம்பர் முடிவதற்குள் எந்தச் சனிக்கிழமை என்றும், கூடத்துச் சாவி யாரிடம் வாங்க வேண்டும் என்றும் சொல்லி அனுப்புங்கள். நாற்காலிகளை நாங்களே வந்து போட்டு, முடிந்ததும் கூட்டிப் பெருக்கிவிட்டுப் போகிறோம்.

அன்புடன்,
சேன் தாந்த்ரேயிலிருந்து ஒரு தமிழ் ஆசிரியை